கடையிலிருந்து சர்வருக்கு: ஒரு ஸ்டுடியோக்காரரின் கைக்குறிப்பு

போன ஆவணியில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. படமெல்லாம் கடைக் கம்ப்யூட்டரில். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சான், “பென்டிரைவ் எல்லாம் வேண்டாம் அத்தான், கம்ப்யூட்டர் அட்ரஸ் அனுப்புங்க, நானே எடுத்துக்கறேன்” என்றார். நானும் 192.168.1.20 என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தேன். அரை மணி கழித்து போன். “அத்தான், இது எங்க வீட்டு பிரிண்டரைக் காட்டுது.”

தப்பு என்னுடையது. 192.168 என்று தொடங்கும் எண் கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும் விலாசம். “மேலவீதி, மூணாவது வீடு” என்பது மாதிரி. திருவாரூரிலும் மேலவீதி உண்டு, தஞ்சாவூரிலும் உண்டு. எந்த ஊரில் நின்று கேட்கிறோமோ அந்த ஊர் வீட்டுக்குத்தான் கொண்டுபோய் விடுவார்கள். 10 என்று தொடங்கும் எண்களும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் இதே ரகம். மச்சான் கடைசியில் எப்படிப் படத்தை எடுத்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. திருத்துறைப்பூண்டியில் ஸ்டுடியோ, கல்யாண ஆல்பம், காதுகுத்து, சடங்கு, அவ்வளவுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது கடை மேல் இருந்த ஷீட் பறந்தது. படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதன் காப்பி இருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரே அலமாரியில், ஒரே தட்டில். இரண்டும் நனைந்தன. ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவுக்கு எடுத்த படங்கள் அதோடு சரி. காப்பி எடுத்து வைத்தால் போதாது, அது வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. அதன்பின் மும்பையில் ஒரு டேட்டா சென்டரில் மாத வாடகைக்கு இடம் பிடித்தேன். ஆக, இப்போது தினமும் மூன்று இடத்தோடு எனக்குப் பழக்கம்: கடையின் பின்னறையில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டு வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர், மும்பை சர்வர் (நம் ஃபைல்களை வைத்திருந்து கேட்டபோது கொடுக்கும் கம்ப்யூட்டர்), ஆல்பம் அச்சடிக்கும் லேபின் சர்வர்.

முதலில் கேட்டு வாங்க வேண்டியவை

யாராவது “எங்க சர்வர்ல போட்டுடுங்க” என்று சொன்னால் உடனே தாளும் பேனாவும் எடுங்கள். சர்வர் பெயர் அல்லது எண், எந்த வழி, போர்ட் எண் (சர்வருக்குள் நுழையும் கதவின் எண்), யூசர் நேம், பாஸ்வேர்ட், உள்ளே எந்த ஃபோல்டர். இந்த ஆறும் இல்லாமல் உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடும். யூசர் நேமில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்துக் குறியுங்கள். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்தால் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே விடாது. ஒரு முகூர்த்த நாள் முழுக்க அந்த ஒரு இடைவெளியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

“எந்த வழி” என்பதுதான் பலருக்குக் குழப்பம். நடைமுறையில் மூன்று தெரிந்தால் போதும்.

எஃப்டிபி பழையது. அதன் முதல் வரைவை 1971-இல் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியில் படித்து அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். கோப்பு அனுப்ப உலகம் பயன்படுத்திய வழி நம் நாட்டுக்காரர் எழுதியது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் பெருமைக்காக அதைப் பயன்படுத்த முடியாது. அதில் பாஸ்வேர்ட் மூடாத தபால் கார்டில் எழுதியது போல அப்படியே போகும். போர்ட் 21. “பிரவுசரில் திறந்துபார்த்தேன், வரவில்லை” என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். வராது, குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் 2021-லேயே அந்த வசதியை எடுத்துவிட்டன.

எஸ்எஃப்டிபி பெயரில்தான் அதற்கு உறவு, உள்ளே வேறு ஆள். எஸ்எஸ்ஹெச் என்ற பூட்டிய குழாய்க்குள் போகும். ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள் என்று 1995-இல் டாட்டு யுலோனன் என்பவர் எழுதியது எஸ்எஸ்ஹெச். எஃப்டிபிக்கு 21, டெல்நெட் என்ற இன்னொரு பழைய வழிக்கு 23, நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். லேப்காரர் இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் எஸ்எஃப்டிபி என்று சொல்லுங்கள்.

மூன்றாவது எஸ்எம்பி, விண்டோஸில் ‘ஷேர்’ போடுவது. போர்ட் 445. கடைக்குள், வீட்டுக்குள் இதுதான் சுகம். அதை இணையத்தின் பக்கம் திறந்து விடாதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது இந்தக் கதவின் பழைய ரகத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். யாராவது “ரூட்டரில் 445-ஐத் திறந்து விட்டால் வீட்டிலிருந்தே பார்க்கலாம்” என்று யோசனை சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இணைப்பது எப்படி

லினக்ஸ் மின்டில் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஃபைல் ஜன்னலைத் திறந்து, மேலே ‘ஃபைல்’ மெனுவில் ‘கனெக்ட் டு சர்வர்’. சர்வர் கட்டத்தில் பெயர், போர்ட் கட்டத்தில் 22, வகை என்ற இடத்தில் எஸ்எஸ்ஹெச், பிறகு ஃபோல்டர், யூசர், பாஸ்வேர்ட். கனெக்ட் அழுத்தினால் இடப்பக்கப் பட்டியலில் அந்தச் சர்வர் ஒரு பென்டிரைவ் போல வந்து உட்காரும். லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவில் இடப்பக்கம் கடைசியில் உள்ள ‘அதர் லொகேஷன்ஸ்’ என்பதற்குள் போனால் அடியில் ஒரு கட்டம் இருக்கும் (புதிய பதிப்புகளில் அதன் பெயர் ‘நெட்வொர்க்’). அங்கே ஆங்கிலச் சின்ன எழுத்தில் எஸ்எஃப்டிபி, கோலன், இரண்டு ஸ்லாஷ், யூசர் பெயர், அட் குறி, சர்வர் பெயர் என்று இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். ஒருமுறை உள்ளே போய்விட்டால் கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தி புக்மார்க் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் ஒரு சொடுக்கில் திறக்கும்.

விண்டோஸில் கடைக்குள் உள்ள ஷேருக்கு ‘திஸ் பிசி’ திறந்து ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’. 11-ஆம் பதிப்பில் அது மேலே உள்ள மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு எழுத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபோல்டர் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடு, கம்ப்யூட்டர் பெயர் அல்லது எண், ஒரு பின்சாய்கோடு, ஷேர் பெயர். விண்டோஸ் 11 புதுப்பித்தபின் பழைய ஷேர் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் அந்த ஷேருக்கு பாஸ்வேர்டே இல்லாததுதான் காரணம். 24எச்2 பதிப்பிலிருந்து யார் வேண்டுமானாலும் நுழையும் ஷேரைப் பல விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் ஏற்பதில்லை. அந்தக் காவலைத் தளர்த்தும் வழி தேடாமல், ஒரு யூசரும் பாஸ்வேர்டும் வைத்துவிடுங்கள்.

வெளியூர்ச் சர்வருக்கு விண்டோஸில் வின்எஸ்சிபி அல்லது ஃபைல்சில்லா என்ற மென்பொருள் வேண்டும். இரண்டும் இலவசம். அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், நிறுவும்போது “இதையும் சேர்த்துப் போடட்டுமா” என்று வருகிற எதற்கும் வேண்டாம் சொல்லுங்கள். நான் வின்எஸ்சிபி ஆள். திறந்ததும் வரும் கட்டத்தில் ஃபைல் புரோட்டோகால் என்ற இடத்தில் எஸ்எஃப்டிபி இருக்கிறதா பார்த்து, விவரங்களைப் போட்டு, சேவ் செய்துவிட்டு லாகின். இடப்பக்கம் நம் கம்ப்யூட்டர், வலப்பக்கம் சர்வர். இழுத்துப் போட வேண்டியதுதான். எனக்கு இது பிடிக்க ஒரு காரணம் உண்டு. பெரிய ஃபைல் போய்க்கொண்டிருக்கும்போது அதன் பெயருக்குப் பின்னால் ‘ஃபைல்பார்ட்’ என்று ஒட்டி வைத்திருக்கும், முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உண்மைப் பெயர் வரும். அரைகுறை ஃபைலை லேப்காரர் எடுத்து அச்சடிக்கிற வாய்ப்பு இல்லை. ஃபைல்சில்லாவில் பாஸ்வேர்டைச் சேமித்தால் மாஸ்டர் பாஸ்வேர்ட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது கிட்டத்தட்டத் திறந்த நோட்டில் எழுதி வைத்த மாதிரிதான்.

மேக்காரர்களுக்கு: ஃபைண்டரில் கமாண்டும் கே-யும் சேர்த்து அழுத்தினால் எஸ்எம்பி ஷேர் வரும். எஸ்எஃப்டிபி ஃபைண்டரில் வராது, அங்கும் ஃபைல்சில்லாதான்.

அந்த எச்சரிக்கைக் கட்டம்

முதல்முறை எஸ்எஃப்டிபி போட்டதும் ஒரு கட்டம் எழுந்து நிற்கும். “இந்தச் சர்வரை எனக்குத் தெரியாது, கைரேகை இது, நம்பலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்கும். எல்லோரும் யெஸ் அழுத்திவிட்டுப் போவார்கள். முதல்முறை நியாயமாகச் செய்ய வேண்டியது, சர்வர்காரருக்கு போன் போட்டு கைரேகையின் முதல் எட்டு எழுத்தையாவது ஒப்பிடுவது. “பெரிய கே, சின்ன கே, ஏழு, பெரிய எம்” என்று சத்தமாக வாசித்தால் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருமாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

இரண்டாம் முறையிலிருந்து அந்தக் கட்டம் வரக்கூடாது. ஆறு மாதம் பழகிய சர்வர் ஒருநாள் திடீரென்று “கைரேகை மாறிவிட்டது” என்றால் கையை எடுத்துவிடுங்கள். ஒன்று, சர்வரை அவர்கள் மாற்றியிருக்க வேண்டும். இல்லை, நடுவில் வேறு யாரோ நிற்க வேண்டும். எனக்கு ஒருமுறை வந்தது. கேட்டபோது “ஆமா சார், புது மெஷின் போட்டோம், சொல்ல மறந்துட்டோம்” என்றார்கள். கேட்ட பிறகுதான் யெஸ்.

ஒரே சர்வருக்கு அடிக்கடி போகிறவர்கள் பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி வைத்துக்கொள்ளலாம். வின்எஸ்சிபியோடு வரும் புட்டிஜென், மின்டில் ‘பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்’ இரண்டும் சாவி செய்து தரும். இரண்டு துண்டாக வரும். பொதுத் துண்டை சர்வர்காரருக்கு மெயிலில் அனுப்பலாம், யார் பார்த்தாலும் பரவாயில்லை. ரகசியத் துண்டு உங்கள் கம்ப்யூட்டரை விட்டு எங்கும் போகக்கூடாது, சர்வர்காரரே கேட்டாலும்.

பென்டிரைவ் போலத் தெரியும், பென்டிரைவ் இல்லை

இணைப்பது ஐந்து நிமிட வேலை. நான் பட்ட அடியெல்லாம் இணைத்த பிறகுதான்.

கடையில் உதவிக்கு இருக்கும் தம்பி ஒருநாள் “இடம் அடைக்குதுண்ணே” என்று ஒரு சடங்கு ஃபோல்டரை டெலிட் செய்தான். ரீசைக்கிள் பின்னில் எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம். இணைத்த டிரைவில் அழித்தது அங்கே வராது. லினக்ஸிலும் எஸ்எஃப்டிபி ஃபோல்டரில் குப்பைத்தொட்டி கிடையாது, “நிரந்தரமாக அழிக்கட்டுமா” என்றுதான் கேட்கும். முன்னூற்றுச் சொச்சம் படம். மெமரி கார்டை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தோம். அதிலிருந்து கடையில் ஒரு சட்டம்: சர்வரில் கட் கிடையாது, காப்பி மட்டும். நடுவில் கரன்ட் போனால் கட் செய்தது இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் ஆகிவிடலாம். காப்பி போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பக்கமும் எத்தனை ஃபைல், மொத்தம் எத்தனை பைட் என்று ஒப்பிட்டு, நடுவிலிருந்து நாலு படத்தைத் திறந்து பார்த்த பிறகே இந்தப் பக்கம் அழிப்பது.

இன்னொன்று, சர்வரில் இருக்கும் ஃபைலை அங்கேயே இரண்டு தட்டு தட்டித் திறந்து வேலை செய்யாதீர்கள். ஃபோட்டோஷாப் ஒவ்வொரு சேவுக்கும் முழு ஃபைலை மும்பைக்கு அனுப்பும். இங்கே இறக்கி, வேலையை முடித்து, திரும்ப ஏற்றுங்கள். ஃபோல்டரை ‘டீடெய்ல்ஸ்’ பார்வையில் வையுங்கள். சின்னப் படங்களாகக் காட்டச் சொன்னால் அதற்காகவே ஒவ்வொரு ஃபைலையும் இழுத்துக்கொண்டு கிடக்கும்.

வேகக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். இணைய நிறுவனம் சொல்வது மெகாபிட், ஃபைல் அளவு மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். எனக்கு ஏற்றும் வேகம் 20 மெகாபிட், அதாவது நொடிக்கு இரண்டரை மெகாபைட். ஒரு கல்யாணத்தின் ரா படங்கள் (கேமரா தரும் மூலப் படங்கள்) 50 ஜிபி என்றால் ஐந்தரை மணி நேரம், அதுவும் லைன் ஒழுங்காக இருந்தால். மேட்டூரில் திறந்த அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை; இதையும் அப்படி நினைத்து ராத்திரி போட்டுவிட்டுப் போங்கள். பாதியில் நின்றால் மறுநாள் ‘ரெஸ்யூம்’ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து போகும், ‘ஓவர்ரைட்’ கொடுத்தால் முதலிலிருந்து.

உள்ளே விடவில்லை என்றால்

எரர் செய்தியை மூடுவதற்கு முன் படியுங்கள். பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் சர்வர் பெயரில் எழுத்துப் பிழை, அல்லது நம் பக்கம் நெட் இல்லை. ‘டைம்டு அவுட்’ என்றால் தட்டினோம், பதிலே இல்லை: எண் தப்பு, சர்வர் அணைந்திருக்கிறது, அல்லது நடுவில் ஃபயர்வால் என்ற காவல் நிற்கிறது. ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் வீடு சரி, கதவு தப்பு. போர்ட் எண்ணைப் பாருங்கள், பல இடங்களில் 22-ஐ மாற்றி வேறு எண் வைத்திருப்பார்கள். ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்றால் வாசல் வரை வந்தாயிற்று, பெயரோ பாஸ்வேர்டோ சரியில்லை. உள்ளே போன பிறகு ஏற்றும்போது ‘பெர்மிஷன் டினைடு’ வந்தால் உங்கள் மேல் தப்பில்லை, அந்த ஃபோல்டரில் எழுத உங்களுக்கு அனுமதி தரவில்லை.

பாஸ்வேர்டை ஆத்திரத்தில் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். பல சர்வர்களில் சில முறை தவறினால் உங்கள் இணைய எண்ணையே கொஞ்ச நேரம் தடுத்துவிடும் காவல் உண்டு. அதன்பின் சரியான பாஸ்வேர்டும் வேலை செய்யாது, குழப்பம் இரட்டிப்பாகும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வாருங்கள்.

தமிழில் பெயர் வைக்கும்போது

இது எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம். ஒரு டிசைனர் பழைய மேக்கிலிருந்து ‘கோட்டூர்’ என்று ஒரு ஃபோல்டர் ஏற்றினார். நானும் ‘கோட்டூர்’ ஏற்றினேன். சர்வரில் இரண்டு கோட்டூர்! கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் ஒரே பெயர். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பழைய மேக் பிரித்து வைக்கும், விண்டோஸ் கீபோர்டில் அடித்தது சேர்ந்தே இருக்கும், லினக்ஸுக்கு இரண்டும் வேறு பெயர். ஒகாரம், ஔகாரத்துக்கும் இதே கதை.

நீளமும் பார்க்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் ஒரு பெயருக்கு வழக்கமான வரம்பு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. ‘திருத்துறைப்பூண்டி’ நமக்கு ஒன்பது எழுத்து, சர்வருக்கு 54 பைட். மணமகன், மணமகள், மண்டபம், ஊர் என்று பத்திரிகை மாதிரி பெயர் வைத்தால் விண்டோஸ் ஏற்கும், சர்வர் துப்பிவிடும். தேதியில் சாய்கோடு போட்டால் இரண்டுமே ஏற்காது. நான் இப்போது ஆண்டு-மாதம்-நாள் என்று எண்ணில் தொடங்கி ஆங்கிலத்தில் ஒரு ஊர்ப் பெயர் மட்டும் வைக்கிறேன். உள்ளே ஒரு நோட்பேட் ஃபைலில் தமிழில் முழு விவரம். தமிழை ஒதுக்குகிறோமே என்று வருத்தம்தான். படம் தொலைவதைவிடப் பரவாயில்லை.

மச்சான் எடுத்த வழி

வீட்டு, கடை இணைப்புகள் பலவற்றில் நமக்கென்று வெளியுலக விலாசமே கிடையாது. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே எண்ணுக்குப் பின்னால் நிறுத்தியிருப்பார்கள். ரூட்டரில் தெரியும் வெளி எண்ணும், ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளத்தில் வரும் எண்ணும் வேறாக இருந்தால் நீங்களும் அந்த வரிசையில்தான். வெளியிலிருந்து யாராலும் நேரே வர முடியாது, ரூட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை. கடைக் கம்ப்யூட்டரிலும் மச்சானின் லேப்டாப்பிலும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டோம். இரண்டுக்கும் நடுவே தனிப் பாதை போட்டு, ஒவ்வொன்றுக்கும் 100 என்று தொடங்கும் ஒரு எண் கொடுக்கும். அந்த எண்ணை வின்எஸ்சிபியில் போட்டு, போர்ட் 22, அவருக்கென்று தனி யூசர், கல்யாண ஃபோல்டரைப் பார்க்க மட்டும் அனுமதி. திறந்துவிட்டது. கடை மின்ட் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்ஹெச் சர்வர் தனியாக நிறுவியிருக்க வேண்டும், தானாக வராது.

முதல் ராத்திரி பாதியில் நின்றுபோனது. ‘டைம்டு அவுட்’ என்றார். சிங்கப்பூரில் என்னவோ என்று நானும், திருத்துறைப்பூண்டியில் என்னவோ என்று அவரும் இருந்தோம். காலையில் பார்த்தால், கடை சாத்தும்போது தம்பி வழக்கம்போல மெயினை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் சுவிட்ச் மேல் ‘தொடாதே’ என்று செல்லோடேப் ஒட்டினேன், கம்ப்யூட்டர் தானாகத் தூங்காதபடி பவர் அமைப்பில் ‘நெவர்’ வைத்தேன். இரண்டு ராத்திரியில் முடிந்தது. முடிந்ததும் மச்சானை இணைப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, அவருடைய யூசரையும் எடுத்துவிட்டேன். அடுத்த கல்யாணத்துக்குப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.